நிற்கும் வண்டியில் தேயும் பேட்டரி: கேரவன் வைத்திருப்போருக்கு ஓர் எளிய விளக்கம்

பொள்ளாச்சி, கோபிசெட்டிபாளையம் வட்டாரங்களில் படப்பிடிப்புக்காக வந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய கொங்குநாட்டாருக்குக் கேரவன் புதிய பொருளன்று. டெம்போ டிராவலரையோ மினி பஸ்ஸையோ வாங்கி, பாடி கட்டும் பட்டறையில் படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக் கட்டச் சொல்லி, குடும்பத்தோடு வால்பாறைக்கும் கொல்லிமலைக்கும் புறப்படுவோரும் இங்கே உண்டு. இத்தகைய வண்டி பள்ளி விடுமுறையிலும் திருவிழாக் காலத்திலும் ஓடும். மற்ற மாதங்களில் தோட்டத்துச் சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு) முன்னால் வெயிலில் நிற்கும். பிறகு ஒரு நாள் காலையில் பெட்டி படுக்கைகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், செல்ஃப் எடுக்காமல் 'டக், டக்' என்ற ஒலி மட்டும் வரும்.

அப்போது பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "வண்டியை எடுக்கவே இல்லையே, பேட்டரி எப்படிப் போனது?" என்பதாகும். எடுக்காததனால்தான் போனது என்பதே அதற்கு விடை. நாள்தோறும் ஓடும் லாரியின் பேட்டரிக்கும் ஆண்டில் பாதி நாள் நிற்கும் கேரவனின் பேட்டரிக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், பராமரிப்பு பற்றிய மற்ற விவரங்கள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில், ஒரு கேரவனில் இரண்டு வகைப் பேட்டரிகள் இருக்கின்றன என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். என்ஜினைச் செல்ஃப் எடுக்க வைப்பது வண்டியின் பேட்டரி. உள்ளே விளக்கு, மின்விசிறி, தண்ணீர்ப் பம்ப், ஃபிரிட்ஜ் ஆகியவற்றை ஓட்டுவது வீட்டுப் பகுதியின் பேட்டரி. 2012-ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டில் நீண்ட மின்வெட்டு இருந்தபோது வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, அந்த இன்வெர்ட்டர் பேட்டரியின் இனத்தைச் சேர்ந்தது இரண்டாவது வகை. இரண்டும் ஈயமும் கந்தக அமிலமும் கொண்டவைதாம். பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கிய அதே அடிப்படையில்தான் இன்றும் இயங்குகின்றன. (வீட்டுப் பகுதிக்கு லித்தியம் பேட்டரி வைப்போரும் இப்போது உண்டு, அது தனிக் கதை.) ஆனால் உள்ளே இருக்கும் தகடுகளின் அமைப்பு வேறு. வண்டிப் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். அமிலம் படும் பரப்பு அதிகமாக இருப்பதால், ஓரிரு விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை அதனால் கொட்ட முடியும். வீட்டுப் பேட்டரியின் தகடுகள் தடித்தவை. அவ்வளவு வேகமாகக் கொடுக்க இயலாவிட்டாலும், இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மறுநாள் ஏற்றிக்கொண்டு, மீண்டும் கொடுப்பதைத் தாங்கும். ரேக்ளாப் பந்தயக் காளையையும் ஏர் மாட்டையும் போன்ற வேறுபாடு இது. பந்தயக் காளையை நாள் முழுவதும் உழவு ஓட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் வண்டிப் பேட்டரியில் டிவியும் மின்விசிறியும் ஓட்டினால் ஆகும். அடிக்கடி முழுதாக இறங்கி ஏறினால் அந்த மெல்லிய தகடுகளிலுள்ள பசை உதிர்ந்து அடியில் படிந்துவிடும்.

இனி, நிற்கும் வண்டியில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டீசல் என்ஜினைச் செல்ஃப் எடுக்க 200 ஆம்பியர் மின்னோட்டம் 3 விநாடி தேவைப்படுவதாகக் கொள்வோம். பெருக்கினால் 600 ஆம்பியர்-விநாடி. ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி என்பதால், இது ஆம்பியர்-மணிக் கணக்கில் (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி) ஆறில் ஒரு பங்குதான். 80 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே அன்று. என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டர், சில நிமிட ஓட்டத்திலேயே அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். மறுபுறம், வண்டி பூட்டி நிற்கும்போதும் சில கருவிகள் விழித்திருக்கின்றன. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, திருட்டு அலாரம், ஸ்டீரியோவின் நினைவகம், ஜி.பி.எஸ். டிராக்கர் ஆகிய எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை செல்ஃப் எடுப்பதற்கான மின்சாரத்தை அவை மூன்றரை மணி நேரத்துக்குள் உறிஞ்சிவிடும். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 30 நாளில் 36 ஆம்பியர்-மணி. அதாவது 80 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் ஏறத்தாழப் பாதி, யாரும் கதவைத் திறக்காமலேயே காலியாகிவிடும். இதற்கு மேல், எந்தக் கம்பியும் இணைக்கப்படாத பேட்டரிகூடத் தானாகவே மெல்ல இறங்கும் இயல்புடையது. வெயில் ஏற ஏற அந்த வேகமும் ஏறும்.

இறங்கினால் ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது தகடுகளின் மீது ஈய சல்ஃபேட் என்ற உப்பு மென்மையாகப் படிகிறது; சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. உடனே ஏற்றினால் முழுமையாகத் திரும்பும். வாரக்கணக்கில் இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தால், அந்தப் படிவு பெரிய, கடினமான படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அதில் ஒரு பகுதி கரையாது. அந்த அளவுக்குத் தகட்டின் பரப்பு நிரந்தரமாகப் பயனற்றுப்போகும். 80 ஆம்பியர்-மணி என்று அட்டையில் இருக்கும். உள்ளே 40-தான் இருக்கும். இதைச் சல்ஃபேட் ஏறுதல் என்பர். நான் பார்த்த வரையில், கேரவன்களில் பேட்டரி அற்ப ஆயுளில் போவதற்கு இதுவே தலையாய காரணம்.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் பனிக்காலத்தைப் பற்றியே அதிகம் எச்சரிக்கும். அது உண்மைதான்; குளிரில் அமிலத்தின் வேதிவினை மந்தமாகும், என்ஜின் ஆயிலும் தடித்துவிடும், ஆகவே ஊட்டியில் டிசம்பர் விடியலில் பலவீனமான பேட்டரி தன் குட்டை வெளிப்படுத்திவிடும். ஆனால் பேட்டரியை உண்மையில் கெடுப்பது கோடை வெப்பம். வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வெயில் 40 பாகையைத் தொடும்போது, வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் பானட்டுக்கு உள்ளே அதைவிடச் சூடு இருக்கும். வேப்பமரமோ புளியமரமோ தரும் நிழலில், இல்லையெனில் ஒரு தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்துவது வண்ணப்பூச்சுக்கு மட்டுமன்றிப் பேட்டரிக்கும் நல்லது.

பேட்டரியின் நிலையை அறிய, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால், சில மணி நேரம் ஓய்வுக்குப் பிறகு அளக்க வேண்டும். சாதாரண ஈயப் பேட்டரியில் 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் முழுமை, 12.4 எனில் முக்கால், 12.2 எனில் பாதி, 12.0 எனில் கால் பங்கு, 11.8-க்குக் கீழே சென்றால் காலி என்றே கொள்ளலாம். புதியவர்கள் பலர் '12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருக்கிறது, நன்றாகத்தான் உள்ளது' என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். அந்த எண் வரும்போது பேட்டரி நான்கில் மூன்று பங்கு இறங்கிவிட்டது. 12.4-க்குக் கீழே வந்தாலே சார்ஜ் ஏற்றிவிடுவது என்ற பழக்கத்தை வைத்துக்கொண்டால் சல்ஃபேட் இறுக வாய்ப்பு இல்லை.

அடுத்து, என்ஜினை ஓடவிட்டு அதே இரு முனைகளில் அளக்க வேண்டும். பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். 13-ஐ ஒட்டியே நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது பழைய மெக்கானிக்குகள் இன்றும் டைனமோ என்றே சொல்லும் ஆல்டர்நேட்டர் பழுதாகியிருக்கலாம். 15-ஐத் தொட்டால், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த புதிய வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்நேட்டரைக் கணினியே ஆள்வதால் இந்த அளவு ஓட்டத்தின்போது ஏறி இறங்கும்; அது பழுதன்று. ஆல்டர்நேட்டரைச் சோதிக்க, ஓடும் என்ஜினில் மைனஸ் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று பட்டறைகளில் உண்டு. கணினி இல்லாத காலத்து வண்டிக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி, பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள மின்னணுப் பலகைகளை எரித்துவிடக்கூடும். யாரேனும் அதற்குக் கை வைத்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

இரண்டு பேட்டரிகளும் ஒரே ஆல்டர்நேட்டரிலிருந்துதான் சார்ஜ் பெறுகின்றன. என்ஜின் ஓடும்போது இரண்டையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிடும் ஒரு ரிலே இடையில் இருக்கும். மின்னழுத்தம் 13.3 வோல்ட் அளவுக்கு ஏறியதும் சேர்த்து, 12.8 வாக்கில் இறங்கியதும் பிரிப்பது அதன் பொதுவான இயல்பு. கணினி ஆளும் ஆல்டர்நேட்டர் உள்ள வண்டியில் இந்த எளிய ரிலே குழம்பிப்போகும் என்பதால், ஆல்டர்நேட்டரின் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் வீட்டுப் பேட்டரிக்கு வேண்டிய அளவில் மாற்றிக் கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் என்ற கருவியை அங்கே வைக்கின்றனர். இந்தப் பிரிப்பு இருப்பதனால்தான் இரவெல்லாம் ஃபிரிட்ஜ் ஓடி வீட்டுப் பேட்டரி காலியானாலும் காலையில் செல்ஃப் எடுக்கிறது.

ஆனால் இதே பிரிப்பு இன்னொரு தவறான நம்பிக்கைக்கும் இடம் கொடுக்கிறது. கூரையில் சோலார் இருக்கிறது, சாளையில் நிறுத்தும்போது கரன்ட் பிளக்கும் செருகியிருக்கிறோம், ஆகவே எல்லாப் பேட்டரியும் நிறைந்திருக்கும் என்று உரிமையாளர் நினைத்திருப்பார். பல வண்டிகளில் சோலாரும் பிளக்கும் வீட்டுப் பேட்டரிக்கு மட்டுமே சார்ஜ் தரும்; வண்டிப் பேட்டரிக்கு ஒரு சொட்டும் போகாது. மாதக்கணக்கில் பிளக்கில் இருந்த வண்டி செல்ஃப் எடுக்காமல் நிற்பதன் மர்மம் இதுதான். உங்கள் வண்டியில் எப்படி என்பதை அறிய, பிளக்கைச் செருகுவதற்கு முன்னும், செருகி ஒரு மணி நேரம் கழித்தும் வண்டிப் பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். அளவு 13-ஐத் தாண்டி ஏறினால் சார்ஜ் வருகிறது. அசையாமல் இருந்தால் வரவில்லை.

வரவில்லையெனில் வழிகள் உண்டு. சோலார் மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்கு அனுப்பும் கன்ட்ரோலர்களில், இரண்டு பேட்டரிகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் வகை கிடைக்கிறது. அல்லது வண்டிப் பேட்டரிக்கென்றே 10 அல்லது 20 வாட் சிறிய சோலார் பலகை ஒன்றைத் தனிக் கன்ட்ரோலருடன் வைக்கலாம். நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி போவதை ஈடுகட்ட நம் ஊர் வெயிலில் அந்தச் சிறு பலகையே போதும். கரன்ட் வசதி இருந்தால், நிறைந்ததும் தானாகவே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிக் காத்திருக்கும் தானியங்கிச் சார்ஜர் நல்லது. கடைகளில் பழைய பாணியில் கிடைக்கும், நிறுத்தும் அறிவில்லாத சார்ஜரை இரவு முழுவதும் மாட்டிவிட்டுத் தூங்கக் கூடாது. சார்ஜ் ஏற்றும் மின்னோட்டம் பேட்டரிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பது பாதுகாப்பானது. 80 ஆம்பியர்-மணிக்கு 8 ஆம்பியர்.

லாரிக்காரர்கள் வைத்திருக்கும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் எல்லாவற்றிலும் எளிய வழி. நீண்ட நாள் நிறுத்தும்போது திருகிவிட்டால் கம்பி வழியான கசிவு நின்றுவிடும். டிராக்கரும் அலாரமும் அதனுடன் நின்றுபோகும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். கேரவன் உரிமையாளர்கள் பலர் செய்யும் மற்றொரு வேலை, வாரம் ஒரு முறை என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது. இதனால் பெரிய பயனில்லை. செல்ஃப் எடுக்கச் செலவானது திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த வாரம் முழுவதும் கசிந்துபோன 8 ஆம்பியர்-மணி அந்த ஐந்து நிமிடத்தில் திரும்பாது. பேட்டரி நிறைய நிறைய அது சார்ஜை வாங்கும் வேகம் குறைந்துகொண்டே வரும் என்பதால், கடைசி ஐந்தில் ஒரு பங்கை நிரப்பவே மணிக்கணக்கில் ஆகும். ஓட்டுவதானால் ஈரோட்டிலிருந்து பெருந்துறை வரையாவது போய்வருவது போல ஒரு நல்ல ஓட்டம் ஓட்ட வேண்டும். சாளை வாசலில் உறுமவிடுவது டீசலுக்குத்தான் கேடு.

24 வோல்ட் வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. பஸ் சேசிஸில் கட்டிய பெரிய கேரவன்களில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஸ்டீரியோவுக்கோ விளக்குக்கோ 12 வோல்ட் தேவைப்படும்போது, அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுவது வயரிங் செய்வோர் சிலரிடம் காணப்படும் குறுக்குவழி. அன்றைக்கு வேலை நடந்துவிடும். ஆனால் கம்பி இழுக்கப்பட்ட பேட்டரி எப்போதும் குறைவாகவே இருக்கும். ஆல்டர்நேட்டரோ இரண்டுக்கும் சேர்த்து ஒரே மின்னோட்டத்தைக் கொடுக்கும். ஆகவே நிறைந்திருக்கும் மற்றொன்று அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றும். ஒன்று பட்டினியாலும் மற்றொன்று மிகுதியாலும் கெட, கடைசியில் குற்றம் பேட்டரிக் கம்பெனி மீது விழும். 24-ஐ 12-ஆக மாற்றும் கன்வெர்ட்டர் வைப்பதே முறை. இத்தகைய வண்டியில் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே அளந்து, 0.2 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். மாற்றும்போது இரண்டையும் ஒன்றாகவே, ஒரே வகையில், ஒரே காலத்தில் தயாரானவையாக மாற்ற வேண்டும்.

புதிதாகப் பாடி கட்டக் கொடுப்பவர் பட்டறையில் சொல்லிவைக்க வேண்டியதும் இதை ஒட்டியதே: படுக்கை விளக்கு முதல் மொபைல் சார்ஜர் வரை வீட்டுப் பகுதியின் எந்தப் பொருளும் வண்டிப் பேட்டரியில் இணைக்கப்படக் கூடாது. கரூரும் நாமக்கல்லும் பாடி கட்டுவதில் பெயர் பெற்றவை. ஆனால் பயணிகள் பஸ்ஸில் எல்லாமே ஒரே பேட்டரியில்தான் ஓடும், அந்தப் பழக்கத்தில் கேரவனுக்கும் அவ்வாறே கம்பி இழுத்துவிட வாய்ப்பு உண்டு. வேலை முடிவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் பிளைவுட் அடித்த பிறகு கம்பியைத் தேடுவது எளிதன்று.

மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் தண்ணீர் பார்ப்பது கோடையில் மாதம் ஒரு முறை தேவை. ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. சிறுவாணித் தண்ணீரின் சுவைக்குக் கோவைக்காரர்கள் எவ்வளவு பெருமைப்பட்டாலும் அது பேட்டரிக்கு ஆகாது. பல்லடம், காங்கேயம் பக்கத்துப் போர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதிலுள்ள சுண்ணமும் இரும்பும் குளோரைடும் தகடுகளைக் கெடுக்கும். வற்றுவது தண்ணீர்தான், அமிலம் அன்று. ஆகவே எக்காரணம் கொண்டும் அமிலத்தை ஊற்றக் கூடாது. சார்ஜ் ஏறும்போது திரவ மட்டம் சற்று உயரும் என்பதால், தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தாலன்றி, சார்ஜ் ஏற்றிய பிறகே மேல் கோடு வரை நிரப்ப வேண்டும். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்திருப்போர் ஆறு அறைகளையும் தனித்தனியே பார்க்கலாம். ஐந்தும் ஒன்றுபோல் இருந்து ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அந்த அறை செத்துவிட்டது, பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகைக்கு 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர்தான் வேண்டாமே தவிர, சார்ஜ் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து அதற்கு விலக்கில்லை. மேலே பச்சையாகத் தெரியும் சிறு கண் ஆறு அறைகளில் ஒன்றின் நிலையை மட்டுமே காட்டுகிறது. பச்சையாக இருந்தும் பேட்டரி பழுதாகியிருக்கலாம்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பைத் துடைப்பது சிறிய வேலை; ஆனால் செல்ஃப் எடுக்காத வண்டிகள் பலவற்றில் அதுவே குற்றவாளியாக இருக்கும். ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, அறை மூடிகளுக்குள் போகாதபடி ஊற்றித் தேய்த்தால் நுரைத்துக் கரையும். துடைத்துக் காயவைத்து, இறுக்கி முடித்த பிறகு மேலே வாஸ்லின் தடவலாம். பேட்டரியின் மைனஸிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் எர்த் பட்டையின் மறுமுனையையும் பார்க்க மறக்கக் கூடாது. புதுப் பேட்டரி வாங்கியும் செல்ஃப் எடுக்காத வண்டியில் துருப்பிடித்த அந்த ஒரு போல்ட்தான் காரணம் என்று தெரியவரும்போது செலவு முன்னரே ஆகியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் சில நாள்களில் பேட்டரி இறங்கினால், கசிவை அளக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்து, வண்டியைப் பூட்டி, கணினிகள் உறங்க அரை மணி நேரம் விட்டு, மைனஸ் கம்பிக்கும் மைனஸ் முனைக்கும் இடையில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக வைத்துப் பார்ப்பார்கள். மீட்டர் அந்நிலையில் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் எரிந்துவிடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அதற்கு மிக மேலே இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுக்கும்போது அளவு விழுகிறது என்று காண வேண்டும். முதல் முறை ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

வழியில் நின்றுவிட்டால் உதவிக்கு வருவது பெரும்பாலும் லாரியாகத்தான் இருக்கும். சங்ககிரி, நாமக்கல் சாலைகளில் அதற்குக் குறைவில்லை. ஆனால் லாரி 24 வோல்ட், டெம்போ டிராவலர் வகைக் கேரவன் 12 வோல்ட். லாரியின் இரு முனைகளிலிருந்தும் நேராக ஜம்பர் கேபிள் போட்டால் கேரவனின் கணினி எரியும். 12 வோல்ட் காரோ ஜீப்போ கிடைக்கும் வரை காத்திருப்பதே மேல். அப்போதும் சிவப்புக் கேபிளை இரண்டு பிளஸ் முனைகளுக்கு இடையிலும், கறுப்புக் கேபிளின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை நின்றுபோன வண்டியில் பேட்டரிக்குத் தள்ளி உள்ள என்ஜின் இரும்பிலும் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால்தான் அதைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடு உள்ள திம்பம் மலைப்பாதையிலோ, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றிலோ காரை எதிர்பார்த்துக் காத்திருப்பது நடக்கக்கூடிய காரியமன்று என்பதால், கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றைச் சார்ஜ் ஏற்றி வண்டியில் வைத்திருப்பது வீண் செலவாகாது. தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய டீசல் என்ஜின்களோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது; பேட்டரி முற்றிலும் காலியானால் இன்றைய என்ஜினின் கணினி விழிக்கவே விழிக்காது.

நன்றாகப் பராமரித்தாலும் நம் வெப்பத்தில் மூன்று நான்கு ஆண்டுகளில் பேட்டரியை மாற்றும் நிலை வரலாம். முழுமையாக ஏற்றி ஓர் இரவு விட்டும் 12.4-க்கு மேல் நிற்காவிட்டாலோ, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மின்னழுத்தம் 9.6-க்குக் கீழே விழுந்தாலோ அதன் காலம் முடிந்தது. புதியதை வாங்கும்போது கொள்ளளவோடு, குளிரில் செல்ஃப் எடுக்கும் திறனைக் குறிக்கும் சி.சி.ஏ. எண்ணையும் பார்க்க வேண்டும். இரண்டும் பழையதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் போதும். பிளஸ் முனை பழையதில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இருக்க வேண்டும். மாறியிருந்தால் கம்பி எட்டாது, எட்டவைத்து இழுத்தால் உரசும். சிக்னலில் தானாக அணைந்து தானாக எடுக்கும் வசதியுள்ள வண்டிக்கு அதற்கென்றே உள்ள ஏ.ஜி.எம். அல்லது ஈ.எஃப்.பி. வகைதான் போட வேண்டும். தயாரித்த மாதத்தைக் கேட்டுப் பார்த்து, கடையிலேயே மீட்டர் வைத்து 12.5-க்குக் குறையாமல் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கடை அலமாரியில் நின்ற பேட்டரிக்கும் நிற்பதன் கேடு உண்டு. வாரண்டி அட்டையில் முழுதாக மாற்றித்தரும் காலம் எவ்வளவு, விலையில் தள்ளுபடி மட்டும் தரும் காலம் எவ்வளவு என்பவை தனித்தனியே இருக்கும். கடைக்காரர் இரண்டையும் கூட்டித்தான் சொல்வார்.

மாற்றும் வேலை கடினமானதன்று. வரிசை மட்டும் முக்கியம். கரன்ட் பிளக்கை எடுத்து, சோலாரை அணைத்து, சாவியை வெளியே எடுத்து, மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவைக்க வேண்டும். இணைப்புகளை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும், பிறகு பிளஸ். இதற்கான காரணம் எளியது: வண்டியின் இரும்பு உடல் முழுவதும் மைனஸோடு இணைந்துள்ளது. மைனஸ் இருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பானர் உடலில் எங்கேனும் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பானர் வழியே பாய்ந்து, கையைச் சுட்டுவிடும். மைனஸ் கழன்றுவிட்டால் ஸ்பானர் எங்கே பட்டாலும் சுற்று முழுமையாகாது. மாட்டும்போது இதே காரணத்தால் வரிசை தலைகீழாகும்: முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ்.

பேட்டரி 20 கிலோ வரை, பஸ் வகை எனில் அதைவிட அதிகமாகவும், கனக்கும். சாய்க்காமல் இருவர் தூக்குவது நல்லது. கீழே உள்ள தட்டில் துருவோ அமிலமோ இருந்தால் சோடாத் தண்ணீரால் கழுவிக் காயவைத்துப் புதியதை இறக்கி, கிளாம்பை அசையாமல் இறுக்க வேண்டும். மலைப்பாதையில் குலுங்கும் பேட்டரியின் தகடுகள் விரைவில் உதிரும். முனையில் வளையத்தைச் சுத்தியலால் தட்டி இறக்கக் கூடாது, உள்ளே உள்ள ஈய இணைப்பு விரிசல் விடும். பேட்டரி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும் வண்டிகளில் வாயுவை வெளியே கொண்டுசெல்லும் சிறு குழாய் ஒன்று இருக்கும். பழையதிலிருந்து அதை எடுத்துப் புதியதில் மாட்ட மறந்தால், குழந்தைகள் தூங்கும் அறைக்குள் ஹைட்ரஜனும் அமில ஆவியும் வரும். முடித்ததும் கடிகாரம், ஸ்டீரியோ, தானாக ஏறும் கண்ணாடி ஆகியவற்றை மீண்டும் பழக்கி, என்ஜினை ஓடவிட்டு மின்னழுத்தத்தை அளந்து எழுதிவைத்துக்கொள்ளலாம்.

பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்; அதனால்தான் கடையில் அதற்கு ஒரு தொகையைக் கழித்துக் கொடுக்கிறார்கள். முறையின்றி உடைத்து உருக்கும் இடத்துக்குப் போனால் அந்த ஈயம் மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் கலந்து, எல்லோரையும்விடக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அதிகம் பாதிக்கும். 2001-இல் இருந்த விதிகளுக்குப் பதிலாக ஒன்றிய அரசு 2022-இல் கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஆகவே நாலு ரூபாய் கூடுதலாகத் தருவதாகத் தெருவில் கேட்பவரிடம் கொடுக்காமல் பேட்டரிக் கடையிலேயே கொடுத்து, பில்லில் அந்தக் கழித்த தொகையைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுபோகும்போது முனைகளின் மீது இன்சுலேஷன் டேப் ஒட்டி, நிமிர்த்தி வைத்து, அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்தால் வண்டியின் தரையில் அமிலம் சிந்தாது.